மூத்த ராக் கலைஞரோடு ஒரு ராப் சிங்கிள்: முதல் பேச்சிலிருந்து வெளியீடு வரை

ராப் பாடலை முழுவதும் முடித்து, மிக்ஸிங்கும் பாதி ஆன பிறகு, "சார், இதில் கொஞ்சம் கிதார் வாசித்துக் கொடுங்கள்" என்று மூத்த கலைஞர் ஒருவரிடம் போய் நிற்கும் இளைஞர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அவரும் பெரிய மனதோடு வாசித்துத் தருவார். முடிந்த பாட்டைக் கேட்டால், சுவரில் பிறகு ஒட்டிய தாள் போலக் கிதார் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அவர் வாசிப்பில் எந்தக் குறையும் இருக்காது. பாட்டில் அவருக்கு இடமே இருந்திருக்காது.

அந்த இடத்தை உண்டாக்குவதற்கு ஒரு வேலை வரிசை இருக்கிறது. நானும் சில முறை தவறான வரிசையில் செய்து, பாதியில் பிரித்துக் கட்டிய பிறகுதான் அது பிடிபட்டது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: முழுமையாக எழுதிய ராப் வரிகள், ராப்புக்கு அடியில் ஓடும் இசையாக ஒரு பீட், கிதார் ஆம்பை (ஒலிபெருக்கியை) உரக்க வைக்கக்கூடிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு முழு நாள், ஒரு டிஐ பாக்ஸ் (கிதாரின் நேரடி ஒலியைப் பதிவுக் கருவிக்கு அனுப்பும் பெட்டி), இரண்டு பக்க ஒப்பந்தத்தின் வரைவு. வேறு எதற்கும் இப்போதே செலவு செய்ய வேண்டாம்.

1. யாருடைய பாட்டு என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன. இருவரும் சேர்ந்து புதிய பாட்டு செய்யலாம். அவருடைய பழைய பாட்டை மறுபடி வாசித்துப் பதியலாம். பழைய ஒலிப்பதிவிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதாவது சாம்பிள் செய்து, அதன் மேல் கட்டலாம். எந்த வழி என்பதைப் பொறுத்துத்தான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது மாறும். அதனால் இது முதல் படி.

ரன்-டிஎம்சி என்ற ராப் குழு 1986-இல் ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் 'வாக் திஸ் வே' பாட்டை எடுத்தபோது, பாடகர் ஸ்டீவன் டைலரும் கிதார் கலைஞர் ஜோ பெர்ரியும் நேரில் வந்து புதிதாகப் பாடி வாசித்தார்கள். அது இரண்டாம் வழி. ராப் பாடகர் எமினெமின் 'சிங் ஃபார் த மொமென்ட்' மூன்றாம் வழி: ஏரோஸ்மித்தின் பழைய பாட்டு சாம்பிளாக வருகிறது, அதோடு ஜோ பெர்ரி புதிதாக ஒரு தனிவாசிப்பும் (சோலோ) தந்திருக்கிறார்.

புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். "அவர் வாசித்த பாட்டு, அவரே சம்மதித்துவிட்டார், வேறென்ன வேண்டும்?" என்கிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. பழைய ராக் குழு என்றால் மெட்டு மற்ற உறுப்பினர்களுக்கும் ஒரு பதிப்பாளருக்கும் சேர்ந்து சொந்தமாக இருக்கலாம். ஒலிப்பதிவு பெரும்பாலும் இசை நிறுவனத்தின் கையில் இருக்கும். மறுபடி வாசித்தால் மெட்டின் உரிமையாளரிடம் மட்டும் கேட்டால் போதும். சாம்பிள் என்றால் இரண்டு கதவுகளையும் தட்ட வேண்டும்.

'கவர் வெர்ஷன்' என்று சொல்லி நழுவிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 31சி பிரிவு கவர் பதிவுகளுக்கு வழி தருவது உண்மை. ஆனால் மூலப் பாட்டை இஷ்டம்போல் மாற்ற அது இடம் கொடுப்பதில்லை. நடுவே பதினாறு பார் (நான்கு எண்ணிக்கை ஒரு பார்) ராப் சேர்ப்பது நிச்சயமாக மாற்றம்தான். நேரடி அனுமதி வாங்குங்கள்.

முதல் முறை செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை புதிய பாட்டுதான். அனுமதிக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

2. வரிகளைக் காட்டுங்கள், பிறகு காகிதத்தில் எழுதுங்கள்

பணம் பேசுவதற்கு முன் ராப் வரிகளை முழுதாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். வசைச்சொல்லோ சாதியைக் குறிக்கும் சொல்லோ அரசியல் சாடலோ இருந்தால் அதை ஒளிக்காதீர்கள். அவர் பெயர் இந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்ளப் போகிறது. பதிவு முடிந்த பிறகு அவர் அந்த வரியைக் கேட்டு விலகிக்கொண்டால் ஒரு நாளின் உழைப்பும் வாடகையும் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டு இந்த ஒரே காரணத்தால் இன்றுவரை வெளியாகவில்லை.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: வாசிப்புக்கான தொகை, மெட்டில் அவருக்குப் பங்கு உண்டா, பெயர் எப்படி வரும், வீடியோவிலும் மேடையிலும் அவர் பங்கேற்பாரா.

இரண்டாவதுதான் கசப்பை வளர்ப்பது. நீங்கள் எழுதிய ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வாசிப்பை, அவர் வாசித்தால் அது வாசிப்பு. அவர் கூடத்திலேயே ஒரு ரிஃப் உருவாக்கி, பாட்டு முழுவதும் அதன் மேல் நடந்தால் அது இசையமைப்பு. அவருக்கு மெட்டில் பங்கு போக வேண்டும். எவ்வளவு விழுக்காடு என்பதைப் பதிவுக்கு முன்பே பேசிவிடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு பேசினால், எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருவருக்கு வலிக்கும்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டிய ஓர் இடம்: பதிப்புரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். உலகம் முழுவதும் கேட்கும் தளங்களில் பாட்டைப் போடப் போகிறீர்கள். அந்த இரண்டு வரிகளையும் விட்டுவிடாதீர்கள்.

3. சுருதியும் வேகமும்: அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

பீட் செய்கிறவர்கள் எஃப் மைனர், எஃப் ஷார்ப் மைனர் போன்ற சுருதிகளை விரும்புகிறார்கள். 808 என்று நாம் அழைக்கும் ஆழ்ந்த பேஸ் அங்கே நன்றாக அதிரும். ஆனால் ராக் கிதாரின் பலம் திறந்த தந்திகளில் இருக்கிறது. விரல் வைக்காமல் ஒலிக்கவிட்ட தந்தியின் மேல்தான் பல ரிஃப்கள் நிற்கின்றன. எஃப் மைனரில் மூலச் சுரமான எஃப்புக்குத் திறந்த தந்தி கிடையாது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தை மறந்துவிட்டு வாசிக்கச் சொல்வது போல அது ஆகிவிடும்.

நான் முதலில் முயல்வது ஏ மைனர். கிதாரில் அது திறந்த தந்தி. 808-க்கு அந்தச் சுரம் 55 ஹெர்ட்ஸில் விழுகிறது. ஆழமும் உண்டு, சிறிய ஸ்பீக்கரிலும் ஓரளவு கேட்கும். இ மைனர் கிதாருக்கு இன்னும் வசதிதான். ஆனால் பேஸ் 41 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், கைப்பேசியில் காணாமல் போகும்.

இன்னொன்றும் கேளுங்கள்: "சார், தந்திகளை எந்தச் சுருதியில் வைத்திருக்கிறீர்கள்?" பழைய ராக் கலைஞர்கள் பலர் ஆறு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கி வைத்திருப்பார்கள். குரலுக்கு எளிது, தந்தியை வளைக்கவும் எளிது. அப்படியானால் பீட்டை அரைச்சுரம் இறக்கிவிடுங்கள். ஏ மைனர் பீட் ஏ ஃப்ளாட்டில் வந்து நிற்கும், 808-க்கு 52 ஹெர்ட்ஸ், அதுவும் நல்ல இடம். கணினியில் இது இரண்டு நிமிட வேலை. அவரிடம் கிதாரின் சுருதியை மாற்றச் சொன்னால் தந்தியின் இறுக்கமே மாறி, விரல்களுக்கு அது வேறொருவருடைய வாத்தியம் ஆகிவிடும்.

வேகத்துக்கு, ராப் வரிகளை மூன்று வேகங்களில், 86, 90, 95 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) என்று வைத்து, மூன்றையும் அவருக்கு அனுப்புங்கள். எதில் அவருடைய கால் தானாகத் தட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ராப் பாடகரால் நான்கைந்து பிபிஎம் சமாளித்துக்கொள்ள முடியும்.

4. பீட்டில் வெற்றிடம் வையுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. நேரத்தை இங்கே செலவு செய்யுங்கள்.

'வாக் திஸ் வே' டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலித்துத் தொடங்குகிறது. அந்த வெறுமைக்குப் பிறகு கிதார் நுழைவதால்தான் அதன் ரிஃப் அத்தனை பெரிதாகக் கேட்கிறது. மேலும், மூலப் பாட்டின் சரணமே அசைகள் நெருக்கமாக ஓடும், பேச்சுக்கு அருகில் இருக்கும் பாடல்முறை. ராப் வந்து உட்காரும் இடம் அதில் முன்பே இருந்தது.

உங்கள் பீட்டைத் திறந்து, கிதார் வாசிக்கும் வேலையை எந்தெந்தத் தடங்கள் இப்போது செய்கின்றன என்று பாருங்கள். நடுச்சுருதியில் தொடர்ந்து ஒலிக்கும் சிந்தசைசர், பியானோ கார்டு, குரல் சாம்பிள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அழிக்க வேண்டாம், மௌனமாக்கினால் போதும். டிரம்ஸும் 808-உம் மட்டும் மிஞ்சட்டும். பாட்டு மொட்டையாகத் தோன்றும். தோன்றட்டும்.

பியானோ கார்டை நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்ட கிதாரில் பெரும்பாலும் மூலச் சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் வாசிப்பார்கள், ஏனென்றால் மூன்றாம் சுரம் சேர்ந்தால் ஒலி குழம்பும். கீழே பியானோ அந்த மூன்றாம் சுரத்தை அடித்துக்கொண்டிருந்தால், ப்ளூஸ் பாணியில் அவர் தந்தியை வளைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டும் உரசும். கேட்பவர் "ஏதோ சுருதி விலகுகிறது" என்பார், எது என்று சொல்லத் தெரியாது.

பிறகு அமைப்பைத் தாளில் எழுதுங்கள். 90 பிபிஎம் வேகத்தில் ஒரு பார் ஏறக்குறைய 2.7 நொடி, பதினாறு பார் சரணம் 43 நொடி. நான் வைக்கும் அமைப்பு இது: டிரம்ஸ் மட்டும் 2 பார், ரிஃப் 4 பார், முதல் சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் சரணம் 12, பல்லவி 8, தனிவாசிப்பு 8, கடைசிப் பல்லவி 8. இரண்டாம் சரணத்தைப் பதினாறிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது தனிவாசிப்புக்காக. சிங்கிள் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்றால் ராப் பாடகர்தான் நான்கு பாரைத் தர வேண்டியிருக்கும். இதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சரணத்துக்குள் கிதார் எங்கே பேசும், எங்கே சும்மா இருக்கும் என்பதையும் குறியுங்கள். ராப் வரி முடியும் இடத்தில், மூன்றாம், நான்காம் எண்ணிக்கையில், ஒரு சிறு பதில் வாசிப்பு நன்றாக உட்காரும். வரியின் நடுவே உட்காராது.

ஒரு பதிவில், எழுபதை நெருங்கும் ஒரு கிதார் கலைஞர் நான் கொடுத்த தாளைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். பென்சிலை எடுத்து, நான் 'கிதார்' என்று எழுதியிருந்த ஆறு இடங்களில் மூன்றை அடித்தார். "இங்கே தம்பி பேசட்டும்" என்றார். அந்த மூன்று இடங்களிலும் பாட்டு நன்றாக மூச்சுவிட்டது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

5. அவருக்கு அனுப்ப வேண்டியவை

பதிவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். முழுப் பாட்டின் மாதிரி ஒன்று, அதில் ராப் பாடகர் ட்ராக், அதாவது வழிகாட்டியாக ஒரு தற்காலிகக் குரல், பாடியிருக்க வேண்டும். குரல் இல்லாத வடிவம் ஒன்று. அமைப்புத் தாள் பெரிய எழுத்தில் அச்சிட்டது. சுருதியும் வேகமும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.

ட்ராக் குரல் கட்டாயம். வெறும் பீட்டை மட்டும் அனுப்பினால், அவர் காலி இடம் முழுவதையும் நிரப்பி வாசித்துப் பழகிக்கொண்டு வருவார். அது அவர் தவறில்லை.

6. பதிவு நாள்

அவர் ஆம்பையே கொண்டுவரச் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக அவர் கை அந்த ஆம்பின் மறுமொழியைக் கேட்டுப் பழகியிருக்கிறது. முந்தைய நாளே புதுத் தந்தி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று காலை மாற்றினால் தந்தி இளகிக்கொண்டே இருக்கும்.

ஆம்ப் ஸ்பீக்கரின் துணிக்கு இரண்டு விரல் தூரத்தில் ஷூர் எஸ்எம்57 போன்ற ஒரு டைனமிக் மைக் போதும். ஸ்பீக்கரின் நடுமையத்துக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும், ஓரத்துக்கு நகர்த்தினால் மிருதுவாகும். ராப் குரலுக்கு இடம் வேண்டும் என்பதால் நான் மையத்திலிருந்து இரண்டு அங்குலம் விலக்கித் தொடங்குகிறேன். கூடவே டிஐ பாக்ஸ் வழியாகக் கிதாரின் நேரடி ஒலியையும் தனித் தடத்தில் பதியுங்கள். ஆம்பின் ஒலி பிறகு பாட்டுக்குப் பொருந்தவில்லை என்றால், அந்த நேரடி ஒலியை மறுபடி ஓர் ஆம்புக்கு அனுப்பி வேறு நிறத்தில் எடுத்துக்கொள்ளலாம். வாசிப்பு அதேதான். அவரை இரண்டாம் முறை அழைக்க வேண்டியதில்லை.

கிதாரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் முதலில் கணினித் திரையிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். ஒளி குறைக்கும் சுவிட்சுகளை அணையுங்கள். கிதாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) இவை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

ஹெட்ஃபோனில் அவருக்கு டிரம்ஸ் அதிகமாகவும் குரல் சற்றுக் குறைவாகவும் கொடுங்கள். வெறும் க்ளிக் சத்தம் வேண்டாம். இவர்கள் டிரம்ஸ் கலைஞரைப் பார்த்து, அவர் கையைப் பார்த்து வாசித்து வளர்ந்தவர்கள். டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு தெளிவாகக் கேட்டாலே பிடித்துக்கொள்வார்கள்.

கேபிளைச் செருகிய கணத்திலிருந்து பதிவுப் பொத்தானை அழுத்தி வையுங்கள். இதை விட்டுவிடுவதுதான் நான் பார்த்த மிக விலை உயர்ந்த தவறு. சுருதி பார்த்துக்கொண்டே, யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில் வாசிக்கும் அந்த முதல் இரண்டு நிமிடத்தில் பல நேரம் பாட்டின் ரிஃப் பிறந்துவிடும். "சார், இப்போது வாசித்தீர்களே, அதை இன்னொரு தரம்..." என்று கேட்டால் அது திரும்பி வராது.

நான்கு பாரைச் சுழலவிட்டு அதன் மேல் வாசிக்கச் சொல்லாதீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை மூன்று முறை முழுதாக வாசிக்க விடுங்கள். கடைசிப் பல்லவியில் வேகம் மாறாமலே அழுத்தம் கூடும். வெட்டி ஒட்டிய ரிஃபில் அந்த ஏற்றம் இருக்காது. மூன்று முறை முடிந்ததும் தேநீர். நான்காவதில் தனிவாசிப்பு மட்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், விரலும் காதும் களைத்துவிடும்.

அவர் வேறு ஊரில் இருந்தால் நேரடியாகச் சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம், இணையத் தாமதம் தாளத்தைக் குலைக்கும். அவர் தம் இடத்தில் பதிந்து அனுப்பட்டும், நீங்கள் காணொளி அழைப்பில் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தால் போதும். கோப்புகள் பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்க வேண்டும், இரு பக்கமும் ஒரே சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற வீதம்), 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட், இருக்க வேண்டும். 48-இல் பதிந்ததை 44.1 என்று எடுத்துக்கொண்டு ஓடவிட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கி, வேகமும் குறைந்துவிடும். ஒருமுறை எங்களுக்கு இப்படி வந்தது. அவர் தவறான சுருதியில் வாசித்துவிட்டார் என்று அரை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

7. ராப் குரலைக் கிதாருக்குப் பிறகு பதியுங்கள்

ட்ராக் குரலையே இறுதிக் குரலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது வெற்றிடத்தில் பாடியது. உண்மையான கிதாரைக் கேட்டதும் பாடகரின் நெஞ்சழுத்தம் மாறும், வரியின் முடிவை எங்கே நிறுத்துவது என்பது மாறும், சில சொற்களே மாறும். இந்த இறுதிக் குரல் பதிவின்போது மூத்தவர் கூடத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு மாதிரியை அன்றே அனுப்பி, அவர் கருத்தைக் கேளுங்கள்.

8. வெட்டுவதில் அளவு

கிதாரை இழுத்து, கணினியின் கோட்டுக்கு நேராக நிறுத்தும் பழக்கம் பீட் செய்கிறவர்களிடம் இருக்கிறது. 90 பிபிஎம் வேகத்தில் ஒரு பாரின் பதினாறில் ஒரு பங்கு 167 மில்லி நொடி. அவர் 15 அல்லது 20 மில்லி நொடி பின்னால் உட்கார்ந்து வாசித்தால் அது பிழை ஆகாது. பாட்டைக் கனமாக்குவதே அந்தத் தாமதம். காதுக்கு உறுத்தும் இடத்தை மட்டும் சரி செய்யுங்கள், அதையும் முழு வாக்கியமாக நகர்த்துங்கள்.

இடமும் வலமும் கிதார் வேண்டுமென்றால் அவர் இரண்டு முறை வாசித்திருக்க வேண்டும். ஒரே தடத்தைப் படியெடுத்து இரு பக்கமும் வைத்தால் அது நடுவிலேயேதான் கேட்கும்.

9. மிக்ஸிங்

கிதாரில் 90 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அங்கே கிதாருக்கு வேலை இல்லை, 808-உம் கிக் டிரம்மும் வாழும் இடம் அது. மேலே 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் ராப் குரலின் மெய்யெழுத்துகளும் டிஸ்டார்ஷனின் கரகரப்பும் மோதும். குரல் வரும் நேரத்தில் மட்டும் கிதாரை அந்தப் பகுதியில் இரண்டு மூன்று டெசிபல் இறக்கும்படி டைனமிக் ஈக்வலைசரை அமையுங்கள். நிரந்தரமாக வெட்டினால் ரிஃப் தனியாக வரும் இடத்தில் பல்லில்லாமல் போய்விடும்.

மௌனமாக்கி வைத்த சிந்தசைசர்களை இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ போதும்.

10. ஒப்புதலும் வெளியீடும்

மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்வது) முன் மூத்தவரிடம் ஒப்புதல் வாங்குங்கள், குறுஞ்செய்தியாக இருந்தாலும் எழுத்தில். தனிவாசிப்பைச் சுருக்கியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், அவரே கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள். மாஸ்டரிங்கில் மிகையாக உரக்க அழுத்த வேண்டாம். ஸ்பாட்டிஃபை ஒலியளவை -14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து வைக்கிறது, நசுக்கிய கிதார் அங்கே சிறுத்துத்தான் கேட்கும்.

வெளியீட்டுப் படிவத்தில் அவர் பெயரின் எழுத்துகளை அவர் பழைய ஆல்பங்களில் உள்ளபடியே இடுங்கள். ஓர் எழுத்து மாறினால் பாட்டு வேறொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும், எடுப்பதற்கு வாரங்கள் ஆகும். ஒலிப்பதிவுக்கு, அதை அடையாளம் காட்டும் பன்னிரண்டு எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் வாங்குங்கள். மெட்டையும் வரிகளையும், இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் உரிமைத்தொகை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் இரண்டாம் படியில் பேசிய அதே விழுக்காட்டோடு பதிவு செய்யுங்கள். ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல் (பிளேலிஸ்ட்) ஆசிரியர்களுக்கு வெளியீட்டுக்கு ஏழு நாளுக்கு முன்பாவது அனுப்பிவிடுங்கள்.

முழுத் தடங்களையும், டிஐ தடம் உட்பட, இரண்டு வட்டுகளில் நகலெடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள். கூடவே குரல் இல்லாத வடிவமும் கிதார் இல்லாத வடிவமும். நீங்கள் மேடைக்கு வர முடியாத நாளில் முன்னது அவருக்கும், அவர் வர முடியாத நாளில் பின்னது இன்னொரு கிதார் கலைஞரோடு பாடப்போகும் உங்களுக்கும் தேவைப்படும்.